பாலமும் திறவுகோலும்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், எமது பாடசாலையின் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்தவன். நற்சான்றிதழ் வேண்டி வந்தவன் என்றே நான் எண்ணினேன். ஆனால், அவன் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் தாழ்ந்த குரலில், “சேர், என்னுடைய மூன்று பிராணிகளும் போய்விட்டன” என்றான். ஆடு மாடுகளைப் பற்றிக் கூறுகின்றான் எனக் கருதி, “யாருடைய தோட்டத்துக்குள் புகுந்தன?” என்று நான் வினவினேன். அந்தத் துயரத்திலும் அவன் சிறிது சிரித்தான்.

அவை புல் மேயும் பிராணிகள் அல்ல. கைத்தொலைபேசித் திரையில் வாழும் விளையாட்டுப் பிராணிகள். தாயாரின் காப்பு ஒன்றை அடகு வைத்துப் பெற்ற பணத்தில், வெளிநாட்டிலிருந்த உறவினர் ஒருவர் மூலம் அவன் அவற்றை வாங்கியிருந்தான். அவற்றை ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொரு வலையமைப்புக்கு மாற்ற முயன்ற வேளையில் அவை மறைந்துவிட்டன. அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடையும் இருக்கவில்லை. நான் கலைப்பட்டதாரி, கணினியியல் கற்றவன் அல்லன். ஆயினும், என்னிடம் கற்ற பிள்ளை ஒருவன் தன் தாயின் காப்பை இழந்தது எவ்வாறு என்பதை அறியாதிருத்தல் எனக்கு அழகன்று எனத் தோன்றிற்று. அதன்பின் நான் தேடிக் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்கண், இந்த விளையாட்டுடைமை என்பது யாது? சாதாரணமான கணினி விளையாட்டு ஒன்றில் நாம் பெறும் வாளும் குதிரையும் பொற்காசும் அவ்விளையாட்டை நடத்தும் கொம்பனியின் கணினியிலேயே இருக்கின்றன. கொம்பனி கதவை மூடினால் யாவும் அதனுடன் மூடப்படும். பிளாக்செயின் விளையாட்டு என்பது இதனின்றும் வேறுபட்டது. பிளாக்செயின் என்பதை ஒரு பொதுப் பேரேடு எனக் கொள்ளலாம். அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல கணினிகளில் உள்ளன. இன்ன பிராணி இன்னாருக்கு உரியது என ஒருமுறை அதில் எழுதப்பட்டால், தனியொருவர் அதனை எளிதில் அழித்தெழுத முடியாது. உடைமை என்று சொல்லப்படுவது உண்மையில் அப்பேரேட்டில் உள்ள ஒரு வரியேயாகும்.

இத்தகைய பேரேடுகளுட் புகழ்பெற்றது 2015 ஆம் ஆண்டு தொடங்கிய எதீரியம் என்பதாகும். 2017 ஆம் ஆண்டின் இறுதியில், கிரிப்டோகிட்டீஸ் என்னும் பூனை வளர்ப்பு விளையாட்டு அதன்மீது அமைக்கப்பட்டது. பூனை வாங்கவும் விற்கவும் மக்கள் முண்டியடித்ததால் அந்தப் பேரேடே நெரிசலுற்றுத் தளர்ந்தது. பேரேட்டில் ஒவ்வொரு வரி எழுதுவதற்கும் ஒரு கட்டணம் உண்டு. நெரிசல் மிகுந்தால் கட்டணமும் உயரும். சிறிய விளையாட்டுப் பொருளின் விலையைவிட அதனைக் கைமாற்றும் கட்டணம் கூடிய நாட்களும் இருந்தன. வண்டிக்கூலி சுமையின் விலையை விஞ்சினால் வணிகம் எங்ஙனம் நடக்கும்?

இச்சிக்கலுக்கு விடையாகவே விளையாட்டு நிறுவனங்கள் தமக்கெனத் தனிப் பேரேடுகளை அமைக்கத் தொடங்கின. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் தோன்றிய ஸ்கை மேவிஸ் என்னும் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் அக்ஸி இன்பினிட்டி என்ற விளையாட்டை வெளியிட்டது. மெக்சிக்கோ நாட்டு நீர்வாழ் உயிரினமான அக்ஸலோட்டலின் பெயரைத் தழுவியே அதிலுள்ள பிராணிகளுக்கு அக்ஸி எனப் பெயரிட்டனர். மூன்று அக்ஸிகளைக் கொண்ட படையுடன் விளையாட வேண்டும். 2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்நிறுவனம் ரோனின் என்னும் தனது சொந்தப் பேரேட்டைத் திறந்தது. அங்கு வேகம் கூடுதல். கட்டணமோ மிகச் சொற்பம். ஆனால் ஒரு வினா எழுந்தது. எதீரியத்தில் உள்ள பணத்தையும் பிராணிகளையும் ரோனினுக்குக் கொண்டுபோவது எங்ஙனம்? மீண்டும் கொண்டுவருவது எங்ஙனம்?

இதற்கென அமைக்கப்பட்டதே பாலம். பாலம் எனக் கேட்டதும், பிராணி இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து செல்வதாக நாம் கற்பனை செய்கின்றோம். அங்கேதான் நாம் ஏமாறுகின்றோம்.

பாடசாலையில் நாள்தோறும் நடக்கும் ஒரு செயலைக்கொண்டு இதனை விளக்குகின்றேன். ஒரு பிள்ளை எமது பாடசாலையை விட்டு வேறொரு பாடசாலைக்குச் செல்கின்றது. எமது சேர்வு இடாப்பில் அதன் பெயருக்கு நேரே விலகிய திகதியைக் குறிக்கின்றோம். விடுகைப் பத்திரம் எழுதி அதிபர் கையொப்பமிடுகின்றார். அப்பத்திரத்தைக் கண்டபின், மறு பாடசாலை தனது இடாப்பில் பிள்ளையின் பெயரைப் புதிதாக எழுதுகின்றது. எமது இடாப்பு அங்கே போவதில்லை. அவர்களது இடாப்பு இங்கே வருவதில்லை. இரண்டையும் இணைப்பது ஒரு தாளும் ஒரு கையொப்பமுமே.

வலையமைப்புக்களுக்கு இடையிலான பாலமும் இவ்வாறே இயங்குகின்றது. எதீரியத்தில் உள்ள பொருள் அங்கேயே ஒரு பெட்டகத்துட் பூட்டப்படும். அது பூட்டப்பட்டது என்பதற்குச் சாட்சிகள் கையொப்பமிடுவர். அச்சாட்சியத்தைக் கண்டு, ரோனினில் அதற்கு ஈடான வரி ஒன்று எழுதப்படும். திரும்பி வருகையில் இம்முறை தலைகீழாக நிகழும்: ரோனினில் உள்ள வரி முடக்கப்படும், சாட்சிகள் கையொப்பமிடுவர், பெட்டகம் திறக்கப்படும். ஒரு பேரேடு மற்றப் பேரேட்டைத் தானாகக் காண வல்லதன்று. ஆகவே, பாலத்தைக் கடப்பது பொருளன்று. பொருளைப் பற்றிய சாட்சியமே கடக்கின்றது. அக்கரையில் நாம் பெறுவது, இக்கரைப் பெட்டகத்தில் உள்ள பொருளுக்கான ஒரு பற்றுச்சீட்டு. பெட்டகம் வெறுமையானால் பற்றுச்சீட்டின் கதி என்ன? பிள்ளைகளின் தோழர்கள் இவ்வினாவை அவர்களிடம் கேட்பதில்லை, விளம்பரங்களும் கேட்பதில்லை.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரோனின் பாலத்துக்குச் சாட்சிகள் ஒன்பது பேர் இருந்தனர். அவர்களுள் ஐவர் கையொப்பமிட்டால் பெட்டகம் திறக்கும் என்பதே அன்றைய ஏற்பாடு. கணினி உலகில் கையொப்பம் என்பது இரகசியத் திறவுகோல் ஒன்றினால் இடப்படுவது. திறவுகோல் யாரிடம் உள்ளதோ அவரே சாட்சி. முகத்தை எவரும் பார்ப்பதில்லை.

இனி, அப்பெட்டகத்துட் பணம் குவிந்த கதையைக் கேளுங்கள். கொவிட் நோயின் காரணமாக ஊரடங்கு நிலவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில், பிலிப்பைன்ஸ் நாட்டில் தொழிலிழந்த பலர் இவ்விளையாட்டின் பக்கம் திரும்பினர். மணிலாவுக்கு வடக்கே உள்ள கபனாத்துவான் நகரத்தில் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் சிறு கடைக்காரரும் முதியோரும் விளையாடி வருவாய் பெற்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. அன்று விளையாட்டில் வென்றவருக்கு எஸ்.எல்.பி. என்னும் நாணயம் கிடைத்தது. அதனைச் சந்தையில் விற்றுப் பணமாக்க முடிந்தது. 2021 ஆம் ஆண்டின் உச்சகாலத்தில் மூன்று அக்ஸிகளை வாங்கப் பல நூறு டொலர்கள் வேண்டியிருந்தன. ஏழைக்கு அது எட்டாத தொகை. எனவே, பிராணிகளை உடையவர் அவற்றை இல்லாதவருக்கு விளையாடக் கொடுத்து, வருவாயிற் பங்கு பெறும் வழக்கம் தோன்றிற்று. இவ்வழக்கத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் புலமைப்பரிசில். விளையாடுபவர் புலமைப்பரிசில் பெறும் மாணவர். பிராணியின் சொந்தக்காரர் முகாமையாளர்.

நேயர்களே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் ஆயத்தப்படுத்தும் எனக்கு, அச்சொல்லை அவ்விடத்திற் கண்டபோது உள்ளம் சுருங்கிற்று. புலமைப்பரிசில் என்பது, பிள்ளை கற்பதற்காகச் சமுதாயம் கொடுப்பது, திருப்பிக் கேளாதது. இதுவோ, பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்வது போன்றது. வாரத்துக்குச் செய்தலில் இழிவு ஒன்றும் இல்லை. அது நேர்மையான உழைப்பு. ஆனால் அதனை அதன் பெயரால் அழைத்திருந்தால், “விளைச்சல் விலை வீழ்ந்தால் என் பங்கு என்னவாகும்?” என்று உழைப்பவன் முன்னரே கேட்டிருப்பான். பெயரின் இனிமை வினாவை அடக்கிவிட்டது.

விலையும் வீழ்ந்தது. நாள்தோறும் உண்டாகிய எஸ்.எல்.பி. நாணயம் மிகுதி, அதனைச் செலவிடும் வழி குறைவு. புதியவர் வந்து வாங்கும்வரையே பழையவருக்கு ஊதியம். 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சதம் முப்பதுக்கு மேல் விற்ற அந்நாணயம், 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சதத்துக்கும் கீழே இறங்கிற்று. இது பாலத்தின் குற்றமன்று, சந்தையின் குற்றம். இரண்டையும் கலத்தல் ஆகாது.

பாலத்தின் குற்றம் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23 ஆம் திகதி நிகழ்ந்தது. அன்று இரண்டே இரண்டு பரிமாற்றங்களில், 1,73,600 ஈதர் நாணயங்களும், டொலருடன் பிணைக்கப்பட்ட யூ.எஸ்.டி.சி. நாணயங்கள் 2 கோடியே 55 இலட்சமும் பெட்டகத்திலிருந்து வெளியேறின. கண்டறியப்பட்ட நாளின் மதிப்பில் இவை 60 கோடி அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டவை. பூட்டு உடைக்கப்படவில்லை; கணிதம் பிழைக்கவில்லை. ஒன்பது சாட்சிகளுள் ஐவரின் கையொப்பம் முறையாகவே இடப்பட்டிருந்தது. இட்டவர்தாம் வேறு.

எவ்வாறு? ஒன்பது திறவுகோல்களுள் நான்கு ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. ஒரே வீட்டின் நான்கு அறைகளில் நான்கு திறவுகோல்களை வைத்தால் அவை நான்கு சாட்சிகள் ஆகா. வீட்டினுள் நுழைந்தவனுக்கு நான்கும் ஒன்றே. அந்நிறுவனத்தில் வேலை செய்த ஒருவருக்குப் போலியான வேலைவாய்ப்பொன்றைக் காட்டி, அதற்கான ஆவணத்தைத் திறக்கச் செய்து, அதன் வழியே கள்வர் உட்புகுந்தனர் எனப் பின்னர் செய்தி வெளியாயிற்று. ஆனால் நான்கு போதாது, ஐந்தாவது வேண்டும்.

ஐந்தாவது கிடைத்த வரலாறே என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், விளையாட்டுக்கு வந்த மக்கள் வெள்ளத்தைச் சமாளிக்க முடியாமல், ஸ்கை மேவிஸ் நிறுவனம் அக்ஸி டாவோ என்னும் கூட்டமைப்பின் உதவியை நாடிற்று. அக்கூட்டமைப்பும் சாட்சிகளுள் ஒன்று. தன் பெயராற் கையொப்பமிடும் அதிகாரத்தை அது நிறுவனத்துக்குத் தற்காலிகமாக அளித்தது. அவ்வேற்பாடு டிசம்பர் மாதத்தில் முடிவடைந்தது. ஆனால், அளித்த அதிகாரத்தை எவரும் திரும்பப் பெறவில்லை. மூன்று மாதங்கள் கழித்து உட்புகுந்த கள்வர், அந்த மறக்கப்பட்ட அனுமதியையே ஐந்தாவது கையொப்பமாகப் பயன்படுத்தினர்.

இவ்விடத்தில் என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைக் கூறல் வேண்டும். நான் முதன்முதலில் அதிபர் பொறுப்பேற்றிருந்த பாடசாலை ஒன்றில், ஒரு வாரகாலப் பயிற்சிக்காக வெளியூர் செல்ல நேர்ந்தது. விடுகைப் பத்திரம் வேண்டி வரும் பெற்றோர் அலையலாகாதே என்ற நல்லெண்ணத்தால், பத்து வெற்றுப் பத்திரங்களிற் கையொப்பமிட்டு அலுவலகத்தில் வைத்துச் சென்றேன். திரும்பி வந்தபின், மிகுதியைக் கேட்டுப் பெற மறந்தேன். ஏறக்குறைய ஓராண்டின் பின் மேலிடத்திலிருந்து கடிதம் ஒன்று வந்தது. ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு பாடசாலைகளின் இடாப்புக்களில் ஒரே காலத்தில் இருக்கின்றது. இரண்டு இடத்திலும் பாடநூல்களும் சீருடைத் துணியும் வழங்கப்பட்டுள்ளன. விளக்கம் தருக, என்பது அதன் சாரம். இணைக்கப்பட்டிருந்த பத்திரத்தில் இருந்தது என் கையொப்பமே. அப்பத்திரத்தை நான் ஒருபோதும் எழுதவில்லை. ஆயினும் அது என் கையொப்பமன்று எனச் சொல்லவும் என்னால் இயலவில்லை. பெருங்குற்றம் எதுவும் விளையவில்லை. எனினும் விளக்கம் எழுதிய அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதிகாரத்தைக் கொடுத்த நாளை நினைவில் வைத்திருந்த நான், அதனை மீளப்பெறும் நாளைக் குறித்து வைக்கவில்லை.

ரோனின் திருட்டில் இன்னுமொரு செய்தி உண்டு. அது நிகழ்ந்து ஆறு நாட்கள்வரை எவரும் அறிந்திலர். மார்ச்சு 29 ஆம் திகதி, ஒருவர் தமது 5,000 ஈதர் நாணயங்களைத் திரும்பப் பெற முயன்று முடியாமற் போனபோதே, பெட்டகம் வெறுமையாயிருப்பது தெரியவந்தது. உலகமே பார்க்கக்கூடிய பேரேடு எனப் பெருமை பேசப்படுகின்றது. யாவரும் பார்க்கலாம் என்பது வேறு. ஒருவராவது பார்த்துக்கொண்டிருக்கின்றார் என்பது வேறு. இடாப்பு அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது. அதனை நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் 14 ஆம் திகதி, இத்திருட்டு வட கொரியாவுடன் தொடர்புடைய லாசரஸ் என்னும் குழுவினரின் செயல் என அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. நிறுவனம் 15 கோடி டொலர் நிதி திரட்டி, தன் கைப்பொருளையும் சேர்த்து, பயனாளருக்குரிய இழப்பை ஈடுசெய்தது. சாட்சிகளின் தொகையையும் கூட்டியது. ஜூன் 28 ஆம் திகதி பாலத்தை மீண்டும் திறந்தது. களவு போனவற்றுள் ஏறத்தாழ 3 கோடி டொலர் மதிப்புள்ளவை பின்னர் மீட்கப்பட்டன. இவற்றைக் கூறாது விடுதல் நியாயமாகாது.

ஆனால் 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதே பாலம் மீண்டும் சறுக்கிற்று. பாலத்தைப் புதுப்பிக்கையில், எத்தனை சாட்சியம் கிடைத்தாற் பெட்டகம் திறக்கலாம் என்ற எண்ணைக் குறிக்க வேண்டிய இடம் நிரப்பப்படாது விடப்பட்டது. நிரப்பப்படாத இடம் சுழியம் எனப் பொருள்படும். சாட்சியே இன்றிப் பெட்டகம் திறந்துகொண்டது. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டொலர் வெளியேறிற்று. நற்காலமாக, அதனை எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துச் சன்மானம் பெற்றுக்கொண்டனர். புதுப்பித்தலும் ஓர் ஆபத்தான வேளையே என்பதை இது காட்டுகின்றது.

பாலம் அமைப்போரின் பிழைகளை நாம் திருத்த முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் உள்ளவை எவை? பாலத்தைப் பற்றிய ஆசை மட்டும் அல்ல, அறிவும் அவர்களுக்கு வேண்டும். எனவே சிலவற்றைச் சொல்லுகின்றேன்.

ஒருவருடைய உடைமை முழுவதையும் ஆளும் திறவுகோலை, பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களின் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வர். எந்த உண்மையான பாலமும் அச்சொற்களைக் கேட்பதில்லை. கேட்பது எதுவாயினும் அது பொய்ப் பாலம். அவசரப்படுத்துவது ஆயின் ஐயமேயில்லை. பாலத்தின் முகவரியைத் தேடுதளத்தின் விளம்பரத்தினூடாகவோ முன்பின் அறியாதார் அனுப்பிய செய்தியினூடாகவோ அடைதல் ஆகாது.

பெறுபவர் எந்த வலையமைப்பில் இருக்கின்றாரோ அதே வலையமைப்புக்கு அனுப்புதல் வேண்டும். ஒரே முகவரி பல வலையமைப்புக்களிலும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே இலக்கமுடைய வீடு பல தெருக்களிலும் இருப்பதைப் போன்றது இது. தெருவின் பெயரை மறந்தால் பொருள் ஆளில்லா வீட்டு வாசலிற் கிடக்கும். மேலும், அக்கரையில் எதனைச் செய்யவும் அக்கரைக்குரிய நாணயத்திலேயே கட்டணம் செலுத்த வேண்டும். அது கையில் இல்லாமற் போய்ச் சேர்ந்தவர், திரும்பிவரப் படகுக்கூலி இல்லாதவர் ஆவர். எதனையும் முதலிற் சிறு அளவில் அனுப்பி, சேர்ந்ததைக் கண்டபின் மிகுதியை அனுப்புதல் முறை. வேலை முடிந்தபின், வழியிற் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பேரேட்டிலுள்ள வரியை வேறொரு வலையமைப்புக்கு மாற்றலாம். அவ்வரிக்கு அங்கே பொருள் உண்டா என்பது வேறு வினா. சதுரங்கக் குதிரையை எடுத்துச் சென்று கரம் பலகையில் வைத்தால், குதிரை கெடவில்லை; ஆனால் அதற்கு ஆட இடமில்லை. பிராணியை ஏற்று ஆடவைக்கும் விளையாட்டு நின்றுபோனால், பேரேட்டில் வரி நிலைத்திருக்கும், விலை நிலைத்திராது.

என் மாணவன் தொலைத்தது பாலம் உடைந்ததால் அன்று. பாலத்தைப் போன்ற ஒரு போலிப் பக்கத்தில், தன் பன்னிரண்டு சொற்களையும் தானே எழுதிக் கொடுத்திருக்கின்றான். “அந்தப் பக்கம் உண்மையானதுபோலவே இருந்தது, சேர்” என்றான். கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரங்களின் கதையை அன்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. அதிபர் ஒருவர் தம் பிழையை மாணவனிடம் எங்ஙனம் ஒப்புக்கொள்வது என்று தயங்கினேன். பிற்பாடு அவன் வேலையிற் சேர்ந்து, தவணை முறையில் வட்டியும் முதலும் கட்டி, தாயாரின் காப்பை மீட்டான். அச்செய்தியைச் சொல்ல வந்த நாளில்தான் நானும் என் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திராது, சேர்” என்றான்.

அவன் சொன்னது சரியே. ஏமாந்த பிள்ளை வெட்கத்தால் வாய் திறவாதிருக்கின்றது; வாய் திறவாத வீட்டில் இரண்டாவது முறையும் ஏமாற்றம் நுழைகின்றது. ஆகவே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இவ்வாறொன்றைச் சொல்ல வந்தால், முதலில் அமர்ந்து கேளுங்கள். கண்டிப்பதற்கு நாளை உண்டு.